கீபோர்டில் வைத்த பொட்டு

என் அண்ணி வேலை பார்த்த தொழிற்சாலையில், கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் எண்கள் தெரியும் கண்ணாடிச் சில்லுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையை ஒட்டி, சன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பிரிவை மட்டும் வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். நட்ட ஈடு கொடுத்து, கேக் வெட்டி, எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரோடு ஒரே பஸ்ஸில் போய்வந்த பெண்களில் சிலர் பக்கத்திலேயே வேறு கிலாங்குக்குப் போனார்கள். தொழிற்சாலையை எங்கள் ஊரில் கிலாங் என்றுதான் சொல்வோம். சிலர் தையல் மெஷின் வாங்கினார்கள். இரண்டு பேர் பலகாரம் சுட்டு விற்கத் தொடங்கினார்கள்.

அண்ணி மட்டும், "நான் ரிப்பேர் செய்யப் போறேன்" என்றார்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் பினாங்கு அலுவலகத்தில் இருந்தேன். செய்தி எழுதுவதும் மற்றவர் எழுதியதில் பிழை பார்ப்பதும் வேலை. அண்ணன் வீட்டில், அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் குடியிருந்தேன். அண்ணன் லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் அலோர் ஸ்டார், ஈப்போ என்று இருப்பார். ஆகவே அண்ணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குள் போவது என் பொறுப்பாயிற்று.

பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு பாய் கடை இருந்தது. முன்பக்கம் கேசட், ரேடியோ, சுவர்க் கடிகாரம். பின்பக்கம், சரக்கு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு ரிப்பேர் மேசை. அதில் உட்கார்ந்திருந்தவர் ஜோகூருக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. மேசை மேல் தூசி. அண்ணி அந்த மேசையைத்தான் கேட்டு வந்திருந்தார்.

பாய் எங்களுக்குத் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வரவழைத்தார். பிறகு விசாரித்தார்.

"கிலாங்குல என்னா வேலை பாத்தீங்க தங்கச்சி?"

"டிஸ்ப்ளே லைன் பாய்."

"அதுல?"

"எல்லாம்."

"எல்லாம்னா எப்புடி? எங்க மச்சான் மவளும் கிலாங்குலதான் இருந்துச்சு. ஏழு வருசம் ஒரே ஸ்க்ரூ. இன்னிக்கு வீட்டுல பேன் கழண்டு விழுந்தாலும் அந்த ஒரு ஸ்க்ரூவத்தான் தேடும்."

"ஸ்க்ரூ போடுற ஆளு லீவு போட்டா அந்த நாற்காலில நான் உக்காருவேன். கண்ணாடி தொடைக்கிற ஆளு புள்ள பெத்துக்கப் போனா அங்கயும் நான்தான். அந்த லைன்ல நான் உக்காராத நாற்காலி சூப்பர்வைசர் நாற்காலி ஒண்ணுதான்."

"அதுல ஏன் உக்காரல?"

"அவரு லீவே போடலையே பாய்."

பாய் சிரித்தார். சிரித்தாரே தவிர, மேசையைத் தருவதாகச் சொல்லவில்லை. தைப்பிங்கிலிருந்து ஒரு பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். பெண்பிள்ளை பின்னால் உட்கார்ந்து ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பிடிப்பதைப் பார்த்தால் ஆட்கள் சாமானைக் கொடுக்கத் தயங்குவார்கள் என்றார். முன்னால் கேசட் விற்க ஓர் ஆள் வேண்டும், அது இன்றைக்கே தரலாம் என்றார்.

"கேசட் விக்கிறதுக்கு பதினோரு வருசம் கண்ணக் கெடுத்துக்கிட்டு எதுக்கு பாய்? ஏதாச்சும் ஒண்ணு குடுங்க. சரி பண்ணிக் காட்டுறேன். பண்ணலன்னா தைப்பிங் பையனக் கூப்புடுங்க."

பாய் யோசித்துவிட்டு நாற்காலியில் ஏறி, மேல்தட்டிலிருந்து துணி சுற்றிய நீளமான ஒன்றை இறக்கினார். மின்சாரக் கீபோர்டு. "இதப் பண்ணுங்க. மேசை உங்களுக்கு."

அந்தக் கீபோர்டை எனக்குத் தெரியும். ஜார்ஜ் டவுனில் கல்யாண விருந்துக்குப் போன தமிழர் எல்லாருக்கும் தெரியும். ஒரு மெல்லிசைக் குழுவின் தலைவருடையது. அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அதில் தாளங்களுக்கு எண் உண்டு. கூட்டல், கழித்தல் பொத்தான்களை அழுத்தி எண்ணை நகர்த்த வேண்டும்; எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதைச் சாம்பல் நிறச் சிறு கண்ணாடி காட்டும். மாஸ்டரின் கீபோர்டில் கடைசி இலக்கத்தின் நடுக்கோடு போய்விட்டது. நடுக்கோடு போனால் எட்டும் சைபரும் ஒன்றுதான். பத்தாம் எண் மெதுவான தாளம், பதினெட்டு டிஸ்கோ.

இரண்டும் குழம்பிய விருந்தில் நானும் இருந்தேன். மணப்பெண்ணின் பெரியப்பாவை வாழ்த்துரைக்கு அழைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்டிப்பானவர். அவர் மேடைப் படியில் கால் வைத்ததும் டிஸ்கோ கிளம்பியது. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் அவர் அந்தத் தாளத்துக்கே நான்கு படியும் ஏறி முடித்திருந்தார். மறுநாள் செய்தியில் அதை நான் எழுதவில்லை.

பாயின் பழைய ரிப்பேர்காரர் அடாப்டரை மாற்றிப் பார்த்திருக்கிறார். பிறகு 'ரோசாக்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜோகூருக்குப் போய்விட்டார். கெட்டுப்போனது, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

நாங்கள் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோதே பாய் சொல்லியனுப்பி மாஸ்டர் வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில்தான் அவர் ஒத்திகை அறை. அண்ணியை மேலும் கீழும் பார்த்தார்.

"பாருங்கம்மா, தாராளமாப் பாருங்க. ஆனா பொட்ட மட்டும் தொட்டுறாதீங்க."

கண்ணாடிக்கு நேர் மேலே, கருப்புப் பிளாஸ்டிக்கில், ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். பல வருடச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து மேடு தட்டியிருந்தது. அதன் வரலாற்றை மாஸ்டர் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து பெரிய இசையமைப்பாளர் ஒருவர் கச்சேரிக்கு வந்திருந்தார். அன்று சரஸ்வதி பூசை. மேடைக்குப் பின்னால் வாத்தியங்களை வரிசையாக வைத்துப் பூசை செய்தபோது, அவர் தம் மோதிர விரலால் இந்தக் கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூசைக்கும் மாஸ்டர் அந்தப் பொட்டின் மேலேயே புதுச் சந்தனம் வைத்து வருகிறார். ஒருமுறைகூடத் துடைத்ததில்லை.

"அவரு கை பட்ட எடம்மா அது. கீபோர்டு போனா வேற வாங்கிக்கலாம். அந்தப் பொட்டு கெடைக்காது."

"சரிங்க மாஸ்டர்" என்றார் அண்ணி.

அவர் சரி என்று சொன்னதை நான் கேட்டேன். பாயும் கேட்டார்.

வீட்டில் சமையலறை மேசைதான் வேலைமேசை. அண்ணி காற்றாடியை நிறுத்தினார். தரையை ஈரத்துணியால் துடைத்தார், தூசி எழக்கூடாதாம். வளையலைக் கழற்றினார். மணிக்கட்டில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிக்கொண்டார். உடம்பில் சேரும் மின்சாரம் சில்லுக்குள் போய்விடாமல் இருக்க கிலாங்கில் எல்லாரும் அப்படிக் கட்டிக்கொள்வார்களாம். குழாயடியில் கட்டிப்போட்டது போல இருந்தது. அதைச் சொன்னேன்.

"ஓடிப் போயிருவேன்னு உங்கண்ணன்தான் கட்டச் சொன்னாரு. டார்ச்சப் புடிங்க."

திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் வைத்தார். மேல்மூடி வந்தது. கண்ணாடிச் சில்லையும் கீழே இருந்த பச்சைத் தகட்டையும் இணைக்க ஒரு கம்பிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. நடுவே ஒரு மெல்லிய ரப்பர் பட்டைதான். அதை விளக்குக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிய கறுப்புக் கோடுகள், வெள்ளைக் கோடுகள், மாறி மாறி. கறுப்பில் மின்சாரம் போகும், வெள்ளையில் போகாது. எண்ணின் ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தப் பட்டையில் ஒரு பாதை இருக்கிறது. பாதையில் அழுக்கு அடைத்தால் அந்தக் கோடு மட்டும் செத்துவிடும்.

பட்டையின் ஓர் ஓரம் மஞ்சளாக இருந்தது. அண்ணி அதை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார்.

"மோந்து பாருங்க தம்பி."

சந்தனம். கொஞ்சம் பன்னீரும்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பட்டையைத் துடைத்தார். தகட்டின் செம்புக் கோடுகளில் களிம்பு பூத்திருந்த இடத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். கண்ணாடியின் விளிம்புக்கு வந்ததும் கை மெதுவாயிற்று. அங்கேயும் கோடுகள் இருக்கின்றன, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தித் தேய்த்தால் போயே போய்விடும். கண்ணாடியைச் சன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் வழுக்கும் ஒரு கோணத்தில் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தார். அந்தக் கோணத்தைப் பிடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. அவர் தேடவே இல்லை.

பூட்டி, சுவிட்சைப் போட்டார். நான் அச்சுப் பிழை பார்ப்பது போல ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தேன். பத்து, பத்தாகவே இருந்தது. பதினெட்டு, பதினெட்டு.

"முடிஞ்சிருச்சு அண்ணி. நாளைக்கே கொண்டு போயிரலாம்."

"எங்க முடிஞ்சிச்சு? கிலாங்குல ஈரப் பெட்டியில ஒரு ராத்திரி வைக்காம எதையும் வெளிய விடமாட்டாங்க."

ஈரப் பெட்டி வீட்டில் ஏது? குளியலறை வாசலில் ஒரு முக்காலி போட்டுக் கீபோர்டை அதன்மேல் வைத்தார். மழைக்காலம் வேறு. அண்ணனின் பிள்ளைகள் இருவரும் சுடுதண்ணீரில் குளித்து ஆவி கிளப்பினார்கள். காலையில் போட்டுப் பார்த்தபோது நடுக்கோடு மங்கியிருந்தது. தெரியக்கூடாத இன்னொரு கோடு பேய் போல லேசாகத் தெரிந்தது.

அண்ணி அதிர்ச்சி அடையவில்லை. எதிர்பார்த்த விருந்தாளி வந்தது போலப் பார்த்தார். மறுபடி திறந்தார். பொட்டுக்கு நேர் கீழே, மேல்மூடியும் கண்ணாடிச் சன்னலும் சேரும் இடத்தில், ஒரு மெல்லிய விரிசல். வருடா வருடம் வைத்த ஈரச் சந்தனம் அதன் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. காய்ந்த சந்தனம் மழைக்காற்றில் ஈரம் குடிக்கிறது. குடித்ததைக் கீழே விடுகிறது.

"உள்ள எத்தன தடவ தொடைச்சாலும் வெளிய அது இருக்குற வரைக்கும் எறங்கிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

"மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்." நிருபருக்கு அதுதான் பழக்கம்; எதிர்த்தரப்பைக் கேட்காமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை.

"கேட்டா என்ன சொல்வாரு?"

"வேணாம்பாரு."

"அப்புறம்?"

"இப்புடியே குடுத்துருவோம். இப்ப நல்லாத்தானே வேலை செய்யுது."

"தீபாவளி வரைக்கும் செய்யும். அப்புறம் அதே சாமான் அதே நோவோட கடைக்கு வரும். அப்ப பாய் என்ன சொல்வாரு? பொட்டுல கோளாறுன்னா சொல்வாரு? பொம்பள செஞ்சது, அதான் நிக்கலன்னுவாரு. தைப்பிங் பையன் செஞ்சு திரும்பி வந்தா சாமான் சரியில்லம்பாங்க. நான் செஞ்சு திரும்பி வந்தா நான் சரியில்ல. ஒரு தடவதான் தம்பி எனக்கு."

நான் டார்ச்சை எடுத்துப் பிடித்தேன்.

ஒரு மெல்லிய தகட்டைப் பொட்டின் விளிம்புக்கு அடியில் விட்டார். அவசரப்படவில்லை. பொட்டு உடையாமல் பிஸ்கட் போல ஒரே வட்டமாகப் பெயர்ந்து வந்தது. பக்கவாட்டில் அடுக்குகள் தெரிந்தன. மேலே வெளிர்மஞ்சள், கீழே போகப் போகப் பழுப்பு. அடியில் இருந்தது ஏறக்குறைய கறுப்பு. என் பையில் இருந்த அச்சுப்படித் தாளில் ஒரு துண்டு கிழித்து, கோயிலில் திருநீறு மடிப்பது போல அதை மடித்து வைத்தார். விரிசலைச் சுத்தம் செய்து, நிறமில்லாத நகப்பூச்சை அதில் ஓட விட்டார். காய்ந்தபின் இன்னொரு முறை. பிறகு மீண்டும் குளியலறை வாசல். இந்த முறை காலையில் எல்லாக் கோடுகளும் கறுகறுவென்று நின்றன. மறுநாளும் நின்றன.

சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோனோம். மாஸ்டர் தம் குழுவில் பாடும் இரண்டு பெண்களோடு வந்திருந்தார். பாய் துணியை விலக்கினார். மாஸ்டர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தார்.

"பொட்டு எங்கம்மா?"

கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை பாய் நிறுத்தினார்.

"எடுத்துட்டேன் மாஸ்டர்."

"எடுத்துட்டியா? தொடாதன்னு நான் இதே எடத்துல நின்னு சொன்னேனா இல்லையா? பொட்ட அழிச்சுட்டு வெறும் நெத்தியோட கொண்டாந்து நீட்டுறியே!"

ஒரு நொடியில் மரியாதை இறங்கிவிட்டது. பாடும் பெண்களில் மூத்தவர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "விடுங்க மாஸ்டர். மொகம் கழுவிக்கிட்டு வந்த மாதிரி பளிச்சுனுதானே இருக்கு."

"நீ சும்மா இரு லா."

பாய் அண்ணியைப் பார்த்தார். குரல் தாழ்ந்திருந்தது. "தொட வேணாம்னு சொன்னாரே தங்கச்சி. நீங்களும் சரின்னீங்க."

"சொன்னாரு. நானும் சரின்னேன். தொறந்து பாத்த பெறகுதான் தெரிஞ்சுச்சு, கோளாறே அந்தப் பொட்டுதான்னு." அண்ணி குரலை உயர்த்தவில்லை. கைப்பையிலிருந்து மஞ்சள் ஏறிய பஞ்சு உருண்டைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "இதெல்லாம் உள்ள இருந்து வந்தது. மோந்து பாருங்க. மொதல்ல பொட்டத் தொடாமத்தான் செஞ்சேன். ஒரு ராத்திரி நிக்கல."

மாஸ்டர் முகரவில்லை. பாய் முகர்ந்தார். மாஸ்டர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கேட்டிருக்கலாம்ல?" என்றார் மாஸ்டர்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "மாட்டேன்தான்" என்றார்.

"அவரு நல்ல மனசாத்தான் வச்சாரு மாஸ்டர். வச்ச எடந்தான் தப்பு. நம்ம புள்ளைக்கு நெத்தியில பொட்டு வைப்போம். கண்ணுக்குள்ளயா வைப்போம்?" அண்ணி மடித்த தாளை நீட்டினார். "இந்தாங்க. அவரு வச்சதும் இதுல இருக்கு, நீங்க வச்சதும் இருக்கு. ஒண்ணும் உதிரல."

மாஸ்டர் தாளைப் பிரித்தார். வட்டம் முழுதாக இருந்தது. திருப்பி, கறுத்துப்போயிருந்த அடிப்பக்கத்தைப் பார்த்தார். அவர் நாக்கில் விரலை வைத்து நனைத்து, அந்த அடிப்பக்கத்தில் மெல்லத் தேய்த்து, தம் புருவங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"இனிமே தாளம் தப்புனா மாஸ்டர் நெத்தியத்தான் தொறந்து பாக்கணும்" என்றார் பாடும் பெண். முதலில் சிரித்தவர் மாஸ்டர்தான்.

சுவிட்சைப் போட்டார். பொத்தானை அழுத்தி அழுத்திப் பத்துக்கு வந்தார். மெதுவான தாளம் கேட்டது. பதினெட்டுக்குப் போனார், டிஸ்கோ. நடுக்கோட்டை விரல் நகத்தால் சுட்டி, "இப்பத்தாங்க எட்டு எட்டா இருக்கு" என்றார். திரும்பவும் 'ங்க' வந்துவிட்டதை நான் கவனித்தேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது, "அடுத்த பூசைக்குப் பொட்ட எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். "ஸ்டாண்டுல வைங்க. இரும்புதான், தாங்கும்" என்றார் அண்ணி.

அவர்கள் போனபின் பாய் நெடுநேரம் கேசட்டுகளை அடுக்கினார். அடுக்கிய கேசட்டுகளையே மறுபடி அடுக்கினார்.

"தங்கச்சி, கேக்காம செஞ்சது தப்பு. இனிமே என் கடையில எதுன்னாலும் ஆளக் கேட்டுட்டுத்தான் தொடணும்."

"சரி பாய்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த சரி நெசமான சரி" என்றார்.

பாய் முகம் இளகியது. "போங்க. மேசையத் தொடச்சுக்குங்க."

அண்ணி மேசையைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க வேண்டாம் பாய். இருட்டு. கண்ணாடிக் கோடு பாக்கணும்னா சாஞ்ச வெளிச்சம் வேணும். வாசலுக்குக் கொண்டாந்துருவோம்."

"வாசல்லயா? அது ரேடியோ வைக்கிற எடம்!"

"ரேடியோவுக்கு எதுக்கு வெளிச்சம்?"

பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை முன்னால் கொண்டுவந்தோம். ரேடியோக்கள் பின்னால் போயின. அண்ணி வளையலைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் ஒருவர் ஒரு மேசைக் கடிகாரத்தோடு வந்தார். அண்ணியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாய், ரிப்பேர் செய்றவரு இல்லையா?"

பாய் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கண்ணு முன்னால உக்காந்திருக்காங்களே. அவங்கதான். குடுங்க."